கடைசி இலக்கம்

மழை பிடிப்பதற்குள் ஓடு மாற்றிவிட வேண்டும் என்று பரணில் கிடந்ததையெல்லாம் கீழே இறக்கினோம். தகரப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த அண்ணன் மகள், ஒல்லியான ஒரு புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இன்னா அத்தை இது? மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வெறும் நம்பராவே இருக்குது!" என்றாள்.

கிளார்க்ஸ் டேபிள். அட்டை போய், முதல் பக்கம் பாதி போய், ஓரமெல்லாம் கட்டைவிரல் பட்டுக் கறுத்த லாகரிதம் புத்தகம். என் வயதில் பிளஸ் டூவும் பி.எஸ்சி.யும் படித்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தேர்வுக் கூடத்தில் எழுந்து நின்று "டேபிள், மேடம்" என்றால் கண்காணிப்பாளர் ஒரு கட்டிலிருந்து உருவித் தருவார். தருவதற்கு முன் உள்ளே யாராவது பென்சிலால் ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று ஒரு புரட்டுப் புரட்டுவார். பெருக்கலைக் கூட்டலாக்கும், வகுத்தலைக் கழித்தலாக்கும், வர்க்கமூலம் வேண்டுமென்றால் பாதியாக்கினால் போதும். கால்குலேட்டர் வாங்க வழியில்லாத எங்களுக்கு அதுதான் கால்குலேட்டர்.

"போன்ல தட்டினா வந்துடுமே அத்தை."

வரும்தான். ஆனாலும் ஓடு மாற்ற வந்தவரை மறந்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பக்கம் புரட்ட ஆரம்பித்துவிட்டேன். 2க்கு 0.3010. 3க்கு 0.4771. 7க்கு 0.8451. வீட்டில் இருப்பவர்களின் போன் நம்பர்கூட எனக்கு மனப்பாடமில்லை. இவை மட்டும் போகவே இல்லை.

எங்களுடையது ஜவ்வாதுமலையில் ஜமுனாமரத்தூரை ஒட்டிய ஒரு சிற்றூர். சாமை, கேழ்வரகு, நாலு பலா மரம், கொஞ்சம் புளி, காட்டிலிருந்து கடுக்காயும் தேனும். இவ்வளவுதான் வருமானம். சந்தையில் சாமை அளக்கும்போது அம்மா முதல் படியை "லாபம்" என்று சொல்லிப் போடுவாள், இரண்டாவதிலிருந்துதான் எண் வரும். பக்கத்தில் உட்கார்ந்து விரல் மடக்குவது என் வேலை. கீழேயிருந்து புளி வாங்க வரும் வியாபாரி எடை போட்டு அவர் பாட்டுக்கு ஒரு தொகையைச் சொன்னால், "இரு சாமி, பாப்பா சொல்லட்டும்" என்பாள். பாப்பா சொல்லும் தொகை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். வியாபாரி என்னைப் பார்க்கிற பார்வையில் அன்பு இருக்காது.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்கு எடுத்த வாத்தியார், வாரம் முழுக்க மலையில் தங்கி, சனிக்கிழமை பஸ் பிடித்துக் கீழே இறங்குவார். அவர்தான் அப்பாவிடம், "இந்தப் புள்ளைய வேலூர் லேடீஸ் காலேஜ்ல கணக்கு சேத்துடுங்க" என்றார். அப்பாவுக்கு லேடீஸ் காலேஜ் என்பது புரிந்தது, கணக்கு என்பதுதான் புரியவில்லை. "கணக்குதான் இதுக்குத் தெரியுமே, இன்னும் இன்னாத்துக்கு மூணு வருசம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டாம் ஆண்டில் எனக்கே பல ராத்திரிகளில் அது தோன்றியிருக்கிறது.

போவதற்கு முன் சாதிச் சான்று வாங்க வேண்டும். மற்றவர்களுக்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்டால் போதும், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் போட வேண்டும். அதற்காக அப்பா எந்தெந்த வாசலில் நின்றார், எத்தனை முறை "அப்புறம் வா" கேட்டார் என்பதை இங்கே விரிக்கப் போவதில்லை. சான்று கைக்கு வந்த அன்று அதைத் துணிக்குள் சுற்றி, வேட்டி மடிப்பில் வைத்து, பஸ்ஸில் வயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டு அம்மாள் வயிற்று வலி என்று நினைத்து ஓமம் கொடுத்தார்.

போளூர் வரை ஒரு பஸ். அங்கே மாறிக் கண்ணமங்கலம், கணியம்பாடி வழியாக வேலூர். பலாக் காலத்தில் மலைப் பஸ்ஸில் மனிதர்களைவிடப் பழங்கள்தான் அதிகம் பயணம் செய்யும். கொண்டையூசி வளைவுகளில் அவை உருண்டு வந்து காலில் முட்டும். நான் ஹாஸ்டலுக்குப் போய் இறங்கும்போது என் தாவணிக்கு முன்னால் பலா வாசனை உள்ளே போய்விடும்.

சேர்ந்தது சாயிநாதபுரத்தில் இருக்கும் டி.கே.எம். மகளிர் கல்லூரியில். 1972இல் தொடங்கியது. அதற்கு முன் வேலூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு இருந்தது 1954இல் சலேசியக் கன்னியர்கள் காட்பாடி காந்தி நகரில் ஆரம்பித்த ஆக்சீலியம். வடாற்காடு முழுவதிலிருந்தும் பெண்கள் இந்த இரண்டு வாசல்களிலும் வந்து நிற்பார்கள். அப்போது திருவள்ளுவர் பல்கலைக்கழகம் கிடையாது, அது 2002இல் வந்தது. எங்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம்தான். கேள்வித்தாள் சென்னையிலிருந்து வருகிறது என்பதாலேயே அதற்கு ஒரு பயங்கரம் கூடியிருந்தது.

முதல் நாள் ஹாஸ்டலில் ஒரு வேடிக்கை. படிவத்தில் சமூகம் என்ற இடத்தில் எங்கள் பழங்குடியின் பெயரான "மலையாளி" என்று இருந்ததைப் பார்த்த ஒரு சீனியர் அக்கா, என்னைப் பாலக்காட்டுப் பெண்கள் இருந்த அறைக்கு அழைத்துப் போய், "உங்க ஊர்ப் பொண்ணு" என்று விட்டுவிட்டார். அவர்கள் மூன்று பேரும் மலையாளத்தில் பொழிந்தார்கள். நான் ஜவ்வாதுமலைத் தமிழில் விழித்தேன். அந்த அறையிலேயே கடைசி வரை இருந்தேன். அவர்கள் எனக்குப் புட்டு கொடுத்தார்கள், நான் அவர்களுக்கு மலைத்தேன் கொடுத்தேன்.

வகுப்பில் இருந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் மகள், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர் வீட்டுப் பெண், பீடி சுற்றுகிற வீட்டிலிருந்து வந்த ஒருத்தி. பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையைச் சுருட்டியபடியே தேற்றங்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாளாம். "நிரூபணம் முடியறப்ப ஒரு கட்டு முடிஞ்சிருக்கணும்" என்பாள். அவள்தான் வகுப்பில் முதல்.

கணக்கு ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் ஒரே பதில் சொல்வார்கள். லேப் கிடையாது, அதனால் லேப் ஃபீஸும் கிடையாது. சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். கல்யாணம் ஆனாலும் டியூஷன் எடுக்கலாம், பி.எட். முடித்தால் டீச்சர் வேலை. ஆசையால் வந்தவர்கள் குறைவு, வந்த பிறகு ஆசைப்பட்டவர்கள் அதிகம். பெண்களுக்குக் கணக்கு வராது என்று இன்னும் சிலர் மேடையில் பேசுகிறார்கள். தமிழ்நாட்டு மகளிர் கல்லூரி எதிலாவது ஒரு கணக்கு வகுப்பை அவர்கள் சன்னல் வழியாகவாவது எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கணக்கைவிட என்னைப் பயமுறுத்தியது இங்கிலீஷ். பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்துவிட்டு, ஒரே கோடை விடுமுறையில் எல்லாம் மாறிவிட்டது. பள்ளியில் வகைக்கெழு என்று கைகுலுக்கியவர் இங்கே டெரிவேட்டிவ் என்று புதுச் சட்டை போட்டு நின்றார். அந்தச் சமயத்தில் என்னைக் காப்பாற்றியது புத்தகம் அல்ல, ஒரு குறிப்பிட்ட பிரதி. இயற்கணிதத்துக்கும் நுண்கணிதத்துக்கும் டி.கே. மாணிக்கவாசகம் பிள்ளையும் அவருடன் சேர்ந்தவர்களும் எழுதிய புத்தகங்கள்தான் அன்றைக்கு எங்களுக்கெல்லாம் வேதம். யாரும் பெயரை முழுதாகச் சொல்ல மாட்டோம், "பிள்ளை புக்" என்போம். சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்குப் பாதி விலைக்குக் கைமாறும். எனக்குக் கிடைத்த பிரதியில், எனக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவதி ஓரமெல்லாம் பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருந்தாள். கடினமான சொல்லுக்கு அர்த்தம், "இந்த வரி எப்படி வந்தது?" என்ற கேள்வி, இரண்டு பக்கம் தள்ளி அதற்கு அவளே கண்டுபிடித்த பதில், ஓரிடத்தில் "அப்பாடா". அவள் யாரென்று எனக்குத் தெரியாது. என் முதல் வருஷத்தை அவள்தான் பாஸ் செய்ய வைத்தாள்.

மெய்ப்பகுப்பியல் வகுப்பில் எப்சிலான், டெல்டா வந்தபோது பாதி வகுப்பு மூச்சை விட்டுவிட்டது. மேடம் பலகையில் எழுதிக்கொண்டே போனார். எந்த எப்சிலான் கொடுத்தாலும், அதற்கு ஒரு டெல்டா உண்டு. எனக்கு அது சந்தைப் பேரம்போல் இருந்தது. "எவ்வளவு சின்னதா வேணா கேளு, அதுக்கும் எங்கிட்ட பதில் இருக்குது" என்று அம்மா புளி வியாபாரியிடம் நிற்கிற மாதிரி. அப்படி வைத்துப் பார்த்ததும் சட்டென்று பிடிபட்டது. பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன், அவளுக்கும் பிடிபட்டது. மேடம் திரும்பி, "என்ன அங்கே?" என்றார். எழுந்து சொன்னேன், தமிழில்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்க அம்மாவை ஒருநாள் வகுப்பெடுக்கக் கூப்பிடணும்" என்றார்.

அந்த மேடத்தோடுதான் லாக் ஆறு விவகாரமும். ஒருநாள் ராத்திரி ஹாஸ்டலில் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் டேபிளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2க்கும் 3க்கும் உரிய எண்களைக் கூட்டினால் 6க்கு உரியது வர வேண்டும். இதுதானே லாகரிதத்தின் முதல் பாடம்? 0.3010, 0.4771, கூட்டினால் 0.7781. டேபிளில் 0.7782 என்று இருந்தது. திரும்பத் திரும்பக் கூட்டினேன். கடைசி இலக்கம் இடித்தது. அச்சுப் பிழையாக இருக்கும் என்று பாலக்காட்டுக்காரிகளின் டேபிளை வாங்கிப் பார்த்தேன், அதிலும் 0.7782. ஊரெல்லாம் பயன்படுத்துகிற புத்தகத்தில் தப்பைக் கண்டுபிடித்துவிட்ட கர்வத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் துறை அறை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். மேடம் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து இன்னும் ஓர் இலக்கம் சேர்த்து எழுதினார். 0.30103. 0.47712. "இப்போ கூட்டு." 0.77815. "இதை நாலு இலக்கத்துக்குச் சுருக்கு." 0.7782. கிளார்க்கின் டேபிள் சரி, என் கூட்டலும் சரி. சுருக்கிய எண்களைக் கூட்டுவது ஒன்று, கூட்டியதைச் சுருக்குவது வேறு. இரண்டுக்கும் இடையில் ஒரு பொட்டு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. "இந்தப் பொட்டைத் தேடித்தான் நாம மூணு வருசம் படிக்கிறோம்" என்றார் மேடம். அப்பா கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொன்னார்கள் என்றால் அது இதுதான்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் சில பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். பாடத்தில் இல்லாத பெயர்கள். ஆர். பரிமளா என்று ஒருவர், தமிழ்நாட்டில் வளர்ந்தவர், சென்னை ஸ்டெல்லா மாரிஸில், நம்மைப்போல ஒரு மகளிர் கல்லூரியில் கணக்குப் படித்துவிட்டு பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்துக்குப் போனவர், இயற்கணிதத்தில் செய்த வேலைக்காக 1987இல் பட்நாகர் விருது வாங்கியவர் என்று சொன்னார். நான் அதை நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்தேன். பின்னாளில், 2010இல் ஐதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டில் அவர் முழு அமர்வு உரை நிகழ்த்தினார் என்று பேப்பரில் படித்தபோது நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவரிடம், "எனக்கு இவங்களைத் தெரியும்" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

இன்னொரு முறை, "நீ ஜவ்வாதுமலைதானே, ராமானுஜன் உங்க மலையிலேர்ந்துதான் கிடைச்சார், தெரியுமா?" என்றார். எனக்குக் கும்பகோணம்தான் தெரியும். கல்லூரித் தேர்வில் கணக்கைத் தவிர மற்றதில் தோற்ற ராமானுஜனைத் தெரியும். மேடம் சொன்னது வேறு. ஆலங்காயம் போகிற வழியில் காவலூரில் இருக்கிறதே வானாய்வகம், அங்கே ஆர். ராஜமோகன் என்ற விஞ்ஞானி 1988 பிப்ரவரியில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். 4130 என்ற எண். அதற்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

சின்ன வயதில் அந்த வெள்ளைக் குவிமாடத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ராத்திரியில் அந்தப் பக்கம் போகிற லாரிக்காரர்களை விளக்கைத் தணிக்கச் சொல்வார்கள் என்று பேசிக்கொள்வார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது "நட்சத்திரம் பாக்கற பங்களா". வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு 1968இல் சின்னத் தொலைநோக்கி ஒன்றோடு அங்கே ஆரம்பித்தார். நகர வெளிச்சம் எட்டாத காடு, தென்வானமும் நன்றாகத் தெரிகிற இடம் என்று பார்த்துத்தான் எங்கள் மலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாங்கள் கரண்ட் இல்லை என்று நொந்துகொண்ட இருட்டு அவர்களுக்கு வேண்டியதாக இருந்திருக்கிறது! 1977இல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தபோது அதைப் பார்த்தவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. 2.3 மீட்டர் ஆடி வைத்த பெரிய தொலைநோக்கியை 1986இல் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார். அதைப் பார்ப்பதற்குள் பாப்பு போய்விட்டார்.

மூன்றாம் வருஷம் துறையிலிருந்து ஒரு வேன் பிடித்துக் காவலூர் போனோம். என் மலைக்கு நான் விருந்தாளிகளை அழைத்துப் போகிற மாதிரி எனக்கு ஒரே படபடப்பு. அப்பா தேன் பாட்டிலோடு முன்கூட்டியே வந்து வாசலில் நின்றிருந்தார். பூமி சூரியனைச் சுற்றுகையில் ஆறு மாத இடைவெளியில் ஒரு நட்சத்திரத்தை இரண்டு தடவை பார்த்து, அது நகர்ந்ததாகத் தெரிகிற துளிக் கோணத்தை அளந்து, வெறும் முக்கோணவியலை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம் என்று அங்கே இருந்தவர் விளக்கினார். எங்களுக்குத் தெரிந்த அதே முக்கோணம்தான், அடிப்பக்கம் மட்டும் முப்பது கோடி கிலோமீட்டர். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற அப்பா கேட்டார்: "சாமி, இதுல பாத்தா மழை எப்ப வரும்னு தெரியுமா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. விளக்கியவர் சிரிக்காமல், "ஐயா, மழை வந்தா நாங்க இதை மூடிட்டுச் சும்மா உக்காந்திருப்போம்" என்றார். அப்பாவுக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துவிட்டது. தேன் பாட்டில் மேடத்துக்குப் போகவில்லை.

அப்பாவுக்குக் கடிதம் எழுதுவதில் ஒரு சிக்கல் இருந்தது. இன்லண்ட் லெட்டரை டீக்கடையில் வைத்துத்தான் யாராவது படித்துக் காட்டுவார்கள். ஆகவே எனக்கு வீட்டு நினைப்பாக இருக்கிறது, அழுகை வருகிறது என்றெல்லாம் எழுத முடியாது. ஊரே கேட்கும். "நான் நலம், அனைவரும் நலமா, கணக்கு நன்றாகப் போகிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கணக்கு நன்றாகப் போகிறது என்ற வரியைக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை படிப்பாராம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பரியப் பணத்தோடு வந்து கேட்டபோதெல்லாம் அம்மா அதே வரியைத்தான் பிடித்துக்கொண்டாள். "கணக்கு போயிட்டிருக்குது, முடியட்டும்." எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீடுதான் பரியம் கொடுக்க வேண்டும். பெண்ணுக்குப் படிப்புக் கூடக் கூடப் பரியத்தை எப்படி ஏற்றுவது என்று சிலர் குழம்பிப் போனதும் உண்டு.

இப்போது அண்ணன் மகள் திருவண்ணாமலையில் படிக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்ததால், 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது. வீட்டு நினைப்பு வந்தால் வீடியோவில் கூப்பிட்டு அழுகிறாள். டீக்கடைக்குத் தெரிவதில்லை. 2024இல் எங்கள் மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பெற்ற இரண்டாம் நாள் தேர்வெழுதி உரிமையியல் நீதிபதி ஆன செய்தி வந்தபோது, பள்ளியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தோம். அன்றைக்கு ஏழாம் வகுப்புப் பெண்கள் பாதிப் பேர் நீதிபதியாகப் போவதாகச் சொன்னார்கள். கணக்கு படிக்கப் போவதாக ஒருத்தியும் சொல்லவில்லை. எனக்குச் சற்று வருத்தம்தான்.

ஆனாலும் வருஷத்துக்கு ஒருவர் இருவராவது பி.எஸ்சி. கணக்கில் சேர்கிறார்கள். முதல் மாதம் போன் செய்து, "மிஸ், ஒண்ணும் புரியல, எல்லாம் இங்கிலீஷா இருக்குது" என்று அழுகிற குரல் மட்டும் மாறவே இல்லை. போனில் வீடியோ இருக்கிறது, செயலி இருக்கிறது. ஆனால் ஓரத்தில் ஒருத்தி பட்ட பாட்டைப் பென்சிலால் எழுதி வைத்த பழைய புத்தகத்துக்கு அவை ஈடாகவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கோடை விழாவுக்கும் பீமன் மடவுக்கும் கோமுட்டேரிப் படகுக்கும் இப்போது நிறையப் பேர் ஜமுனாமரத்தூருக்கு ஏறி வருகிறீர்கள். போகும்போது சாமையும் தேனும் வாங்கிப் போகிறீர்கள், சந்தோஷம். உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்து பி.எஸ்சி. கணக்குப் புத்தகங்கள் இருந்தால் எடைக்குப் போட வேண்டாம். வரும்போது காரில் போட்டுக் கொண்டு வாருங்கள். மலையில் இருக்கும் எந்த உண்டு உறைவிடப் பள்ளியில் கொடுத்தாலும் அது போய்ச் சேர வேண்டிய பெண்ணிடம் சேர்ந்துவிடும். ஓரத்தில் தமிழில் கிறுக்கிய பிரதி என்றால் அதை முதலில் எடுத்து வையுங்கள்.